பள்ளிப் படிப்பை முடிக்காத கல்கி எப்படிப் பொன்னியின் செல்வன் எழுதினார்? அதில் எவ்வளவு நம்பலாம்?

நீங்கள் எழுதியிருப்பது மூன்று வரிதான். படம் பார்த்துவிட்டு ஐந்து பாகத்தையும் வாங்கிப் படித்தேன், எழுதியவர் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர் என்று ஒருவர் சொன்னார், அப்படியானால் அவர் சொல்லும் சோழர் கதையை நம்பலாமா, அடுத்து அவருடைய எதைப் படிக்கலாம் என்று கேட்கிறீர்கள். இதில் கடைசிக் கேள்வி எளிது, முடிவில் சொல்கிறேன். முதல் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருக்கின்றன. பட்டம் இல்லாதவருக்கு வரலாறு தெரிந்திருக்காது என்பது ஒரு பக்கம், இவ்வளவு விவரமாக எழுதியிருக்கிறாரே, எல்லாம் உண்மையாகத்தான் இருக்கும் என்பது இன்னொரு பக்கம். இரண்டுமே சரியில்லை. கல்கியை முதலில் பத்திரிகைக்காரராகப் பார்த்தால் அவர் வாழ்க்கையும் புரியும், நாவலில் எதை நம்பலாம் என்பதும் புரியும்.

நான் கல்லூரியில் முப்பது வருஷம் தமிழ் நடத்தியவன். நாவல் இலக்கியம் என்ற தாளைப் பெரும்பாலும் என்னிடம்தான் கொடுப்பார்கள். கல்வெட்டியலில் எனக்கு முறையான பயிற்சி கிடையாது. அச்சிட்ட பாடங்களை வைத்துப் படிப்பேன், தெரிந்தவர்களோடு கோயில்களுக்குப் போய்ப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். கல்வெட்டு பற்றிக் கீழே சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கல்கியின் இயற்பெயர் ரா. கிருஷ்ணமூர்த்தி. 1899 செப்டம்பர் 9 அன்று பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில், மாயவரத்துக்குப் பக்கத்தில் உள்ள புத்தமங்கலம் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா ராமசாமி ஐயர் ஊர்க் கணக்கர். வசதியான குடும்பம் இல்லை. மாயவரத்தில் கொஞ்ச காலம், அப்புறம் திருச்சி தேசிய உயர்நிலைப் பள்ளி. 1921இல், பள்ளி இறுதித் தேர்வு நெருங்கிய சமயத்தில், காந்தியின் ஒத்துழையாமை அழைப்பைக் கேட்டுப் படிப்பை விட்டுவிட்டார். உங்களிடம் சொன்னவர் சொன்னது உண்மைதான், அவர் படிப்பை முடிக்கவில்லை. ஆனால் முடிக்க முடியாமல் போனவர் அல்ல. நன்றாகப் படித்துக்கொண்டிருந்த, கொஞ்சம் பொறுத்திருந்தால் அரசாங்க உத்தியோகம் கிடைத்திருக்கக்கூடிய ஓர் ஏழை வீட்டுப் பையன் அதை வேண்டாம் என்று வைத்தான். அடுத்த வருஷமே மேடையில் பேசியதற்காக ஓராண்டுச் சிறை. திருச்சியில் காங்கிரஸ் வேலை பார்த்த அந்த நாட்களின் பழக்கம்தான் ராஜாஜியும் சதாசிவமும். அவர் வாழ்க்கையின் பிற்பகுதி முழுவதும் இந்த இரண்டு பேரைச் சுற்றித்தான் நடக்கிறது.

1923இல் திரு.வி.க.வின் 'நவசக்தி'யில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். அவருடைய கல்லூரி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். செய்தியை மொழிபெயர்க்க வேண்டும், நீளமானதைச் சுருக்க வேண்டும், அச்சுக்குப் போகும் நேரத்துக்குள் முடிக்க வேண்டும், அதுவும் திரு.வி.க. கண்பார்வையில் நல்ல தமிழில். அங்கிருந்து ராஜாஜி நடத்திய திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்துக்குப் போய் 'விமோசனம்' என்ற மதுவிலக்குப் பத்திரிகையைக் கவனித்துக்கொண்டார். கள்ளுக்கடையை விட்டு ஒரு மனிதனைத் திருப்ப வேண்டிய பத்திரிகை அது. எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து கேட்பவருக்கும் புரிந்தாக வேண்டும். கல்கியின் வாக்கியங்கள் ஏன் அப்படி வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன என்று மாணவர்கள் கேட்டால் நான் இந்தக் காலத்தைத்தான் காட்டுவேன். பாமரருக்காக எழுதிப் பழகிய கை அது.

ஆசிரமத்தில் இருந்தபோதே ஆனந்த விகடனில் எழுத ஆரம்பித்தவர், 1930களின் தொடக்கத்தில் அதன் உரிமையாளர் எஸ்.எஸ். வாசனிடம் ஆசிரியராக வந்து சேர்ந்தார். நகைச்சுவைக் கட்டுரை, அரசியல், சினிமா விமர்சனம் எல்லாம் எழுதினார். 'கர்நாடகம்' என்ற பெயரில் சங்கீத விமர்சனம் எழுதினார். 1937இல் 'கள்வனின் காதலி' அங்கேதான் தொடராக வந்தது. அடுத்து வந்த 'தியாகபூமி' ஒரு புதுமை: கே. சுப்ரமணியம் படமாக எடுத்துக்கொண்டிருக்கும்போதே, அந்தப் படத்தின் புகைப்படங்களோடு கதை வாராவாரம் விகடனில் வந்தது. இவை எதுவும் சரித்திரக் கதை இல்லை என்பதைக் கவனியுங்கள். நாற்பது வயது தாண்டும்வரை கல்கி ஒரு சரித்திர நாவல்கூட எழுதவில்லை.

புனைபெயர் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதைப் பற்றித் தவறான தகவல் நிறையச் சுற்றுகிறது. கல்யாணசுந்தரம் என்ற திரு.வி.க.வின் பெயரிலிருந்து 'கல்', கிருஷ்ணமூர்த்தியிலிருந்து 'கி' என்று ஒரு விளக்கம். பழையதை ஒழித்துப் புதுயுகம் படைக்க வரும் கல்கி அவதாரம் என்று இன்னொன்று. இரண்டுக்கும் ஆதரவாளர்கள் உண்டு, எதையும் முடிவாக எடுக்க வேண்டாம். மனைவி பெயர் கல்யாணி, அதனால் கல்கி என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதை மட்டும் தயங்காமல் தள்ளிவிடலாம். அவர் மனைவியின் பெயர் ருக்மணி.

1941 அவர் வாழ்க்கையில் பெரிய திருப்பம். தனிநபர் சத்தியாக்கிரகத்தில் சிறை போய்விட்டு வந்தவர் விகடனை விட்டிருந்தார். சதாசிவத்தோடு சேர்ந்து 'கல்கி' பத்திரிகையை ஆகஸ்டில் தொடங்கினார். கையில் பணம் இல்லை. சதாசிவத்தின் மனைவி எம்.எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நாரதராக, அதாவது ஆண் வேடத்தில், நடித்துக் கிடைத்த பணம்தான் பத்திரிகைக்கு முதல். அந்தப் பத்திரிகை நிற்குமா விழுமா என்று தெரியாத முதல் ஆண்டில்தான் 'பார்த்திபன் கனவு' தொடங்குகிறது. கல்கியின் முதல் சரித்திர நாவல் அதுதான்.

ஏன் அப்போது சரித்திரம்? இதற்கு நான் சொல்வது ஊகம், ஆனால் வெறும் ஊகம் இல்லை. கதையின் கரு, கப்பம் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறிய சோழநாட்டு ராஜா, நாடு ஒருநாள் சுதந்திரமாக வேண்டும் என்று சித்திரம் எழுதி வைத்துவிட்டுப் போரில் சாவது. அந்தத் தொடரைப் படித்தவர்கள் 1942இல் வெள்ளையனே வெளியேறு என்று தெருவில் நின்றவர்கள். போர்க்காலத் தணிக்கையும் இருந்தது. தலையங்கத்தில் எழுத முடியாததை ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்தைய காவிரிக்கரையில் வைத்து எழுத முடிந்தது. சரித்திரம் கல்கிக்கு ஆராய்ச்சிப் பொருளாக வரவில்லை, தேசபக்தியின் இன்னொரு வழியாக வந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் அவர் மன்னர்கள் ஏன் இவ்வளவு நல்லவர்களாக இருக்கிறார்கள் என்பதும் விளங்கும்.

அப்புறம் 1944 முதல் 1946 வரை 'சிவகாமியின் சபதம்'. பிறகு சமகாலத்துக்குத் திரும்பி 'அலை ஓசை'. 1950 அக்டோபர் 29 முதல் 1954 மே 16 வரை 'பொன்னியின் செல்வன்'. ஐந்து பாகம், மொத்தம் 293 அத்தியாயம்.

இந்த 293 என்ற எண்ணின் அர்த்தம் எனக்குப் புத்தகத்தில் புரியவில்லை, என் பெரியம்மாவின் பைண்டு வால்யூமில்தான் புரிந்தது. அந்தக் காலத்தில் பல வீடுகளில் செய்ததுபோல, வாராவாரம் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, சேர்ந்ததும் காலிகோ அட்டை போட்டு பைண்டு செய்து வைத்திருந்தார். பழுப்பேறிய தாள், ஓரத்தில் ஊசித் துளை, மணியம் வரைந்த படம், பின்பக்கத்தில் பாதி வெட்டுப்பட்ட சோப்பு விளம்பரம். ஓர் இடத்தில் ஒரு வாரம் விட்டுப்போயிருக்கிறது. அதைப் பக்கத்து வீட்டு இதழிலிருந்து கோடு போட்ட நோட்டுத்தாளில் கையால் எழுதிச் சேர்த்திருக்கிறார், கடைசியில் 'தொடரும்' என்பது உட்பட. அந்த வால்யூமில் படிக்கும்போது கதையின் எலும்புக்கூடு கண்ணுக்குத் தெரிகிறது. ஏறக்குறைய ஒவ்வொரு பகுதியும் ஒரு கதவு திறப்பதிலோ, இருட்டில் ஒரு குரல் கேட்பதிலோ முடிகிறது. பத்து வாரத்துக்கு முன் நடந்ததைப் பாத்திரம் ஒன்று யாருக்காவது திரும்பச் சொல்கிறது, ஏனென்றால் வாசகருக்கு மறந்திருக்கும். நேயர்களை ஆசிரியர் நேரடியாகக் கூப்பிட்டுப் பேசுவதும் கதாகாலட்சேபம் கேட்டு வளர்ந்த கூட்டத்துக்கு இயல்பான பேச்சு. புத்தகமாக ஒரே மூச்சில் படிக்கும் உங்களுக்கு ஒட்டுக்கேட்டல் ஏன் இத்தனை, தற்செயல் ஏன் இத்தனை என்று தோன்றினால், அது மூன்றரை வருஷம் வாரம் தவறாமல் ஒரு பத்திரிகையைத் தூக்கி நிறுத்திய கதை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். குறை குறைதான், ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது.

இனி நம்பலாமா என்ற கேள்வி. கதை எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீர நாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். இன்றைய வீராணம் ஏரி அது. அதன் தென்கோடியில் காட்டுமன்னார்கோயில், அங்கே உடையார்குடி என்ற பகுதியில் அனந்தீசுவரர் கோயில். அந்தக் கோயிலில் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன் என்ற பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரன் என்ற இருமுடிச்சோழ பிரமாதிராஜன் ஆகியோரைப் பெயர் சொல்லி, அவர்கள் உறவினர்களின் நிலம் பற்றிய அரச ஆணையை அந்த ஊர்ச் சபைக்குத் தெரிவிக்கிறது. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலைக்கு நம்மிடம் இருக்கும் மிக முக்கியமான சான்று இதுதான். கல்கி தன் கதாநாயகனை முதல் அத்தியாயத்தில் அந்த ஏரிக்கரையில் நிறுத்தியது தற்செயல் என்று நான் நம்பவில்லை. கொலையின் கல்வெட்டு இருக்கும் ஊரின் வாசலில் கதையைத் தொடங்கி, கொலை நடக்கும் கடம்பூர் மாளிகையையும் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே வைத்தார். மாணவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போனபோது, தொல்லெழுத்து படிக்கத் தெரிந்த நண்பர் ஒருவர் அந்தச் சுவரில் விரல் வைத்து 'ரவிதாசன்' என்று எழுத்துக்கூட்டிக் காட்டினார். அதுவரை மந்திரவாதி வில்லன் என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒரு நிமிஷம் பேசவில்லை.

வந்தியத்தேவனும் அப்படித்தான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜனின் தமக்கை குந்தவையைச் சொல்லும்போது, வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று வருகிறது. குந்தவையின் கணவர் பெயர் இது என்பது உறுதி. அவர் துடுக்கானவர், ஓலை கொண்டுபோனார், இலங்கைக்குப் படகேறினார் என்பதெல்லாம் கல்கி கொடுத்தது. ஒரு வரியிலிருந்து ஒரு முழு மனிதனை எழுப்பிய வித்தை இது, தமிழில் இதற்கு இணையாக இன்னொன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. முதன்மந்திரி அநிருத்தர் அன்பில் செப்பேட்டில் இருக்கிறார். பழுவேட்டரையர்கள் பழுவூரில் கோயில்களும் கல்வெட்டுகளும் விட்டுச்சென்ற உண்மையான குறுநிலத் தலைவர்கள், பெரியவர் சின்னவர் என்ற ஜோடியும் அவர்கள் சதியும் கதை. ஈழப்போரில் இறந்த கொடும்பாளூர்ச் சிறிய வேளார் கல்வெட்டில் உண்டு, அவர் மகளாக வரும் வானதியின் பயமும் பிடிவாதமும் கற்பனை. நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான், மணிமேகலை முழுக்க முழுக்கக் கல்கியின் பிள்ளைகள். உங்களை அதிகம் கவர்ந்தது நந்தினி என்று எழுதியிருந்தீர்கள். அவளுக்குக் கல்வெட்டு கிடையாது.

சந்தேகமான பகுதி எது என்றால் கதையின் உச்சமே. அருள்மொழி, அதாவது பின்னாளைய ராஜராஜன், கையில் வந்த மகுடத்தை விட்டுக்கொடுப்பதற்கு ஆதாரம் இருக்கிறது. குடிமக்கள் வேண்டியும், சிறிய தந்தை உத்தம சோழனுக்கு ஆட்சியில் விருப்பம் இருக்கும்வரை தனக்கு வேண்டாம் என்று அவன் இருந்ததாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. ஆனால் அந்தச் செப்பேடு அவன் மகன் ராஜேந்திரன் காலத்தது. சொந்தக் குடும்பத்தின் அரசவைப் புலவர் எழுதியது என்பதை வரலாறு படிப்பவர் மறக்கக் கூடாது. கரிகாலன் கொலையில் உத்தம சோழனுக்குப் பங்கு உண்டு என்று வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி சந்தேகப்பட்டார். இன்னொரு வரலாற்றாசிரியரான சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. இருவரையும் படித்த கல்கி, நாவலாசிரியருக்கு மட்டுமே உள்ள உரிமையை எடுத்துக்கொண்டார். பட்டத்துக்கு வரும் உத்தம சோழர் வேறு ஆள் என்று ஆக்கி, பூக்கட்டும் சேந்தன் அமுதனை அந்த இடத்தில் வைத்துவிட்டார். இதற்குச் சான்று ஏதும் இல்லை. கொலையாளி யார் என்பதையோ இருட்டிலேயே விட்டார். அங்கே அவர் வரலாற்றுக்கு நேர்மையாக நடந்துகொண்டார் என்பது என் கருத்து. பெயர்கள் கல்வெட்டில் இருக்கின்றன, காரணம் அதில் இல்லை.

இதே முறையை 'சிவகாமியின் சபத'த்துக்கும் வைத்துப் பார்க்கலாம். பல்லவ மன்னன் மாமல்ல நரசிம்மன் சாளுக்கியத் தலைநகரான வாதாபியைப் பிடித்தது, ஏறத்தாழ 642இல், உறுதி. பரஞ்சோதி என்ற சிறுத்தொண்டர் வாதாபியை அழித்த படைத்தலைவர் என்பது பெரியபுராணம் தரும் செய்தி. சிவகாமி, ஆயனர், நாகநந்தி கற்பனை. இங்கே எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. நாகநந்தி என்ற பௌத்த பிட்சுவை வில்லனாக்கியது கதைக்கு நன்றாக வேலை செய்கிறது, ஆனால் அந்தக் காலத்துச் சமண பௌத்தர்களைப் பற்றித் தலைமுறை தலைமுறையாக வாசகர் மனத்தில் ஒரு கறுப்புச் சாயம் அதனால் படிந்துவிட்டது. கல்கியை எவ்வளவு நேசித்தாலும் இதைச் சொல்லாமல் பாடம் நடத்த எனக்கு மனம் வந்ததில்லை. சோழ இளவரசிகள் இருபதாம் நூற்றாண்டு மயிலாப்பூர்ப் பெண்களைப் போலப் பேசுவதும் அப்படித்தான், அந்தப் பேச்சை வைத்துப் பத்தாம் நூற்றாண்டை மதிப்பிட வேண்டாம்.

இன்னொன்று. தன் எழுத்தில் ஏதாவது காலம் கடந்து நிற்கும் என்றால் அது 'அலை ஓசை'தான் என்று கல்கி நினைத்தார். தான் வாழ்ந்து பார்த்த சுதந்திரப் போராட்டத்தையும் பிரிவினையையும் எழுதிய நாவல் அது. சாகித்ய அகாதமி பரிசு 1956இல் அதற்குத்தான் கிடைத்தது, அவர் மறைந்த பிறகு. 1954 டிசம்பர் 5 அன்று, பொன்னியின் செல்வன் முடிந்து ஏழு மாதம்கூட ஆகாத நிலையில், 55 வயதில் போய்விட்டார். எழுதிக்கொண்டிருந்த 'அமரதாரா'வை மகள் ஆனந்தி முடித்துக் கொடுத்தார்.

சரி, அடுத்து எதைப் படிப்பது? 'பார்த்திபன் கனவு' சிறியது, ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். அதை முடித்துவிட்டுச் 'சிவகாமியின் சபத'த்துக்குப் போங்கள். கதைக் காலப்படி சிவகாமிதான் முதலில் வரும், ஆனால் எழுதிய வரிசையில் படித்தால் கல்கியின் கை பழகுவது தெரியும். எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் கடையில் பத்துப் பதிப்பு கிடைக்கும். 'சுருக்கம்' என்று அட்டையில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உங்களிடம் உள்ள பொன்னியின் செல்வனில் ஐந்தாம் பாகத்தின் கடைசியில் முடிவுரை இருக்கிறதா என்றும் பாருங்கள். சில பதிப்புகளில் விட்டுவிடுகிறார்கள். கதை சட்டென்று முடிந்துவிட்டது என்று குறைப்பட்ட வாசகர்களுக்கு, யார் யார் பிறகு என்ன ஆனார்கள் என்று கல்கியே உட்கார்ந்து பதில் எழுதியது அது. வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் திருமணம் ஆயிற்றா என்ற கேள்விக்கும் அங்கே பதில் இருக்கிறது.